லண்டனிலிருந்து வந்த ஹோதோர்ன் பழம்: அப்பாவின் இதயக் குளிசைகளை நிறுத்தலாமா?

முல்லைத்தீவு மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டு அதன் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருடைய அப்பாவுக்கு 67 வயது. இப்போதும் வயலுக்குப் போகிறவர். இரண்டு வருடங்களுக்கு முன்பு மாரடைப்பு வந்தது. பிறகு எடுத்த எக்கோ என்ற இதய ஸ்கானில், இதயம் இரத்தத்தைத் தள்ளும் திறன் 30 சதவீதம் என்று எழுதியிருக்கிறார்கள். மாதாமாதம் கிளினிக்குக்குப் போய்க் கார்வெடிலோல், லொசார்ட்டன், ஸ்பைரோனோலாக்டோன், பிரூசமைட், டிகொக்சின், அஸ்பிரின், அட்டோர்வாஸ்டாட்டின் என்று பை நிறையக் குளிசைகளோடு வருகிறார். சில மாதங்களில் ஒன்றிரண்டு மருந்து இல்லையென்று துண்டு எழுதிக் கொடுத்து வெளியில் வாங்கச் சொல்கிறார்கள். அந்தக் காசு வீட்டுக்குப் பாரமாக இருக்கிறது.

போன மாதம் லண்டனில் இருக்கும் மாமி, அப்பாவின் தங்கை, ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறார். ஹோதோர்ன் என்ற குளிர்நாட்டு முள்மரத்தில் செய்த கப்சூல் இரண்டு போத்தல், அதே மரத்தின் காய்ந்த சிவப்புப் பழம் ஒரு பைக்கற். "பல்லாயிரம் வருடமாக இதயத்துக்குக் கொடுக்கிற மருந்து. அடைப்பைக் கரைக்கும். இயற்கை என்றபடியால் பக்கவிளைவு இல்லை. இரண்டு மாதம் குடித்தால் இங்கிலிஷ் மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விடலாம்" என்று தொலைபேசியில் சொல்லியிருக்கிறார். அப்பா அதைக் கேட்டு மூன்று கிழமைக்கு முன்பே பிரூசமைட் என்ற நீர்க்குளிசையை நிறுத்திவிட்டார். வயலிலும் பஸ்ஸிலும் அடிக்கடி சலம் வருவது அவருக்குக் கரைச்சல். இப்போது பின்னேரத்தில் கால் வீங்குகிறது, இரவில் இரண்டு தலையணை வைத்துப் படுக்கிறார். மற்றக் குளிசைகளையும் நிறுத்தலாமா, நம் காட்டில் முள்ளோடு சிவப்பாகக் காய்க்கிற பழமும் இதுதானா என்று மகள் கேட்கிறார். கடைசி வரியில், "மச்சாளும் எனக்கு உடம்பு மெலிய 'தெஹோகோத்தே வேர்' என்று சின்னப் போத்தல் ஒன்று போட்டுவிட்டிருக்கிறா. அதுவும் ஹோதோர்ன் குடும்பம்தானாம்" என்று சேர்த்திருக்கிறார்.

தங்கச்சி, அந்தக் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன்.

அந்தச் சின்னப் போத்தலைத் தொட வேண்டாம்

தெஹோகோத்தே என்பது மெக்சிக்கோவில் வளரும் ஹோதோர்ன் இனம்தான். மச்சாள் சொன்னதில் அந்தளவு சரி. அங்கே நத்தார் காலத்தில் பல பழங்களைப் போட்டுக் கொதிக்கவைக்கும் சூடான பானத்தில் அதன் மஞ்சள் பழத்தையும் போடுவார்கள். அந்தப் பழத்தால் கேடு இல்லை. ஆனால் "மெலிய வைக்கும் வேர்" என்று இணையத்தில் விற்பது வேறு சரக்கு. அமெரிக்காவில் ஒரு சிறு குழந்தை அதைத் தின்று ஆஸ்பத்திரிக்குப் போனதையடுத்து, அந்தப் பெயரில் விற்கும் பொருள்களை வாங்கிச் சோதித்தார்கள். 2023-இல் வெளியான முடிவின்படி 10 பொருள்களில் 9 தெஹோகோத்தே இல்லை. உள்ளே இருந்தது மஞ்சள் அலரி.

அலரி என்றால் என்ன என்று வன்னியில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. அதே மரம், அதே நஞ்சு. வயிற்றைப் பிரட்டும், வாந்தி வரும், நாடி மெதுவாகும், இதயத் துடிப்பின் ஒழுங்கு குலையும். நீங்கள் ஒரு துண்டாவது விழுங்கியிருந்தால், உடம்புக்கு ஒன்றும் செய்யாவிட்டாலும்கூட, போத்தலையும் எடுத்துக்கொண்டு உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். "அலரி கலந்திருக்கலாம்" என்று வாசலிலேயே சொல்லுங்கள், ஈசிஜி எடுப்பார்கள். விழுங்கவில்லையென்றால் போத்தலைப் பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் கட்டி, அடுத்த முறை போகும்போது வைத்தியரிடம் ஒப்படையுங்கள். அப்பா அதைத் தொடவே கூடாது. அவர் குடிக்கிற டிகொக்சினும் அலரி நஞ்சும் இதயத்தில் ஒரே இடத்தில் வேலை செய்கிறவை. இரண்டும் சேர்ந்தால் ஆபத்து பல மடங்கு.

மச்சாள் தெரிந்து செய்யவில்லை. அவவும் அதைக் குடிக்கிறாவா என்று இன்றைக்கே கேளுங்கள்.

அப்பா நிறுத்திய நீர்க்குளிசை

கால் வீக்கமும் இரண்டு தலையணையும் எனக்குக் கவலை தருகிற அறிகுறிகள். உடம்பில் தண்ணீர் தேங்கத் தொடங்கிவிட்டது. நெஞ்சுக்குள் தேங்கும்போதுதான் மட்டமாகப் படுக்க முடியாமல் தலையைத் தூக்கி வைக்க வேண்டி வருகிறது. அடுத்த கிளினிக் நாள் எப்போது என்று பார்த்துக்கொண்டிருக்காமல் நாளைக்கே கூட்டிக்கொண்டு போங்கள்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. அப்பாவின் குளிசைகள் ஒன்றையொன்று பார்த்துக் கட்டப்பட்டவை. பிரூசமைட் சலத்தோடு பொட்டாசியத்தையும் வெளியேற்றும். லொசார்ட்டனும் ஸ்பைரோனோலாக்டோனும் பொட்டாசியத்தை உடம்பில் தங்கவைக்கும். ஒன்றை உருவிவிட்டால் பொட்டாசியம் ஏறிப்போகலாம். பொட்டாசியம் கூடினாலும் குறைந்தாலும் இதயத் துடிப்பு குழம்பும். டிகொக்சின் எடுப்பவருக்கு இது இன்னும் முக்கியம். ஆகவே நீங்களாகப் பழைய அளவில் திரும்பத் தொடங்கவும் வேண்டாம். இரத்தம் எடுத்துப் பொட்டாசியத்தையும் சிறுநீரகத்தையும் பார்த்துவிட்டு எவ்வளவு என்று அவர்கள் சொல்வார்கள்.

சலக் கரைச்சலுக்கு வழி இருக்கிறது. பிரூசமைட்டின் வேகம் பெரும்பாலும் குடித்த ஆறு மணித்தியாலத்துக்குள் அடங்கிவிடும். வயலுக்கோ பஸ்ஸுக்கோ போகிற நாளில் வீட்டுக்கு வந்தபின் எடுக்கலாமா என்று கேளுங்கள். பெரும்பாலான வைத்தியர்கள் சம்மதிப்பார்கள். அப்பா இந்தக் கரைச்சலை கிளினிக்கில் வாய் திறந்து சொல்லியிருக்க மாட்டார். எங்கள் பக்கத்து ஆண்கள் சொல்ல மாட்டார்கள். நீங்கள் சொல்லுங்கள்.

ஹோதோர்னின் கதை

சரி, இனி மாமி அனுப்பிய பழத்துக்கு வருவோம். அது ஏமாற்று இல்லை. நெடுங்கதை உள்ள மரம். ரோசாக் குடும்பத்தைச் சேர்ந்தது, ஆப்பிளுக்கும் உறவு. இங்கிலாந்தில் வயல்களைப் பிரிக்கிற முள்வேலியே இந்த மரம்தான். மே மாதம் வெள்ளையாகப் பூக்கும், இலையுதிர் காலத்தில் சிவப்புப் பழம் குலை குலையாகத் தொங்கும். பூவை வீட்டுக்குள் கொண்டுவந்தால் சாவு வரும் என்று அங்கத்தைய கிராமங்களில் பயந்தார்கள். அந்தப் பூவில் உடல் அழுகும்போது வரும் அதே வேதிப்பொருள் கொஞ்சம் இருக்கிறது, வாடையும் அப்படித்தான்.

கிறிஸ்துவின் முள்முடி இந்த மரத்தில் செய்தது என்று ஐரோப்பாவில் பழைய நம்பிக்கை உண்டு. உங்கள் மாமியும் இதைச் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அது பக்திக் கதை. "கிறிஸ்துவின் முள்" என்று தாவரவியல் பெயரிலேயே குறிக்கப்படுவது மத்திய கிழக்கில் வளரும் வேறொரு மரம். அது நம் இலந்தைக்கு நெருங்கிய சொந்தம்.

சீனாவில் கதை இன்னும் பழையது. ஜியாகு என்ற இடத்தில் கிடைத்த சுமார் 9,000 வருடப் பழைய பானைகளில், அரிசி, தேன், ஹோதோர்ன் பழம் அல்லது திராட்சை சேர்த்துப் புளிக்கவைத்த பானத்தின் தடயம் இருந்தது. இன்றும் வட சீனாவில் குளிர்காலத் தெருக்களில் இந்தப் பழத்தைக் குச்சியில் கோத்துச் சீனிப்பாகில் தோய்த்து விற்பார்கள். அவர்களுடைய மருத்துவத்தில் அது முதன்மையாகச் செரிமானத்துக்கு. கொழுத்த இறைச்சி சாப்பிட்டு வயிறு பொருமினால் கொடுப்பார்கள்.

இதயத்துக்கு என்று அது பெயர் எடுத்தது பிந்தித்தான். 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் மூலிகை வைத்தியர் நிக்கலஸ் கல்பெப்பர் இதன் விதையைக் கல்லடைப்புக்கும் நீர்வீக்கத்துக்கும் நல்லது என்று எழுதினார். அந்தக் கால நீர்வீக்கத்தில் அப்பாவுக்கு வந்தது போன்ற இதயப் பலவீனமும் இருந்திருக்கும்தான். ஆனால் இதய மருந்தாக மேற்கு நாடுகளில் பேச்சு எழுந்தது 1890-களில். அயர்லாந்தின் என்னிஸ் ஊரில் கிரீன் என்ற வைத்தியர் இதய நோய்க்கு ஒரு இரகசிய மருந்து கொடுத்துப் பெயர் பெற்றிருந்தார். அவர் இறந்தபின், அது பழுத்த ஹோதோர்ன் பழத்தின் சாரம் என்று அவருடைய மகள் வெளியில் சொன்னார். அங்கிருந்துதான் அமெரிக்காவுக்கும் ஜேர்மனிக்கும் போனது. ஆக, "பல்லாயிரம் வருட இதய மருந்து" என்பது சரியில்லை. உணவாகப் பல்லாயிரம் வருடம். இதயத்துக்கு ஏறக்குறைய 130 வருடம்.

ஆய்வுகள் காட்டியது

ஜேர்மனியில் மூலிகைகளை மதிப்பிட்ட அரச குழு 1994-இல் லேசான இதயப் பலவீனத்துக்கு ஹோதோர்னை ஏற்றுக்கொண்டது. ஒன்றைக் கவனியுங்கள்: ஏற்றது இலையும் பூவும் சேர்ந்த சாரத்தை. பழத்தைத் தனியாக எடுத்தால் அதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று ஒதுக்கிவிட்டது. பின்னால் வந்த பெரிய ஆய்வுகளும் இலை, பூச் சாரத்தில்தான் நடந்தன. உங்கள் கையில் இருக்கிற காய்ந்த பழத்தை அந்த ஆய்வுகள் தொடவே இல்லை.

அந்தச் சாரம் என்ன செய்தது? 2008-இல் வந்த ஒரு தொகுப்பாய்வு, வழக்கமான மருந்தோடு சேர்த்து எடுத்தவர்களுக்குக் களைப்பும் இளைப்பும் கொஞ்சம் குறைந்ததாகச் சொன்னது. அதே வருடம் வெளிவந்த ஸ்பைஸ் ஆய்வில் 2,681 பேர் இருந்தார்கள். எல்லோருக்கும் அப்பாவைப் போல இதயத் திறன் 35 சதவீதமோ அதற்குக் கீழோ. நாளுக்கு 900 மில்லிகிராம் வீதம் இரண்டு வருடம் கொடுத்தார்கள். இதயத்தால் வரும் சாவு, மாரடைப்பு, இதயப் பலவீனத்தால் ஆஸ்பத்திரியில் சேர்வது என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தபோது, அதற்குப் பதிலாக மருந்தில்லாத போலிக் குளிசை எடுத்தவர்களிடமிருந்து குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. பெரிய தீமையும் தெரியவில்லை. 2009-இல் அமெரிக்காவில் 120 பேரிடம் ஆறு மாதம் பார்த்தார்கள். நடக்கும் தூரமும் கூடவில்லை.

இப்போது அப்பாவின் பையில் இருக்கிறவற்றைப் பாருங்கள். கார்வெடிலோலை 2,289 பேரிடம் சோதித்த ஆய்வு 2001-இல் வந்தது. கடுமையான இதயப் பலவீனத்தில் சாவை 35 சதவீதம் குறைத்தது. ஸ்பைரோனோலாக்டோனை 1,663 பேரிடம் சோதித்தது 1999-இல் வந்தது. அது 30 சதவீதம் குறைத்தது. இவை பழைய, மலிவான குளிசைகள், பளபளப்பான போத்தலில் வருவதில்லை. ஆனால் அப்பாவை வயலுக்குப் போக வைத்திருப்பவை இவைதான். அந்த இடத்தில் ஹோதோர்னை வைக்க முடியாது.

அடைப்பைக் கரைக்கும் என்பதற்கும் ஆதாரம் இல்லை. அடைப்பு எங்கே, எவ்வளவு என்று தெரிய வேண்டுமென்றால், இரத்தக் குழாய்க்குள் சாயம் விட்டுப் படம் எடுக்கும் அஞ்சியோகிராம் செய்ய வேண்டும். இதுவரை செய்யவில்லையென்றால் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு அனுப்ப முடியுமா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. வேண்டாம் என்று அவர்கள் சொன்னால், ஏன் வேண்டாம் என்று கேட்கவும் உரிமை உண்டு.

இயற்கை, இங்கிலிஷ் என்ற பிரிப்பு

1990-களில் பொருளாதாரத் தடை இருந்தபோது வன்னிக்குள் மருந்து வருவதே பெரும்பாடு. அந்தக் காலத்தில் கஷாயமும் பத்தியமும் பலரைத் தாங்கின. உங்கள் அப்பாவின் தலைமுறைக்கு மூலிகையில் இருக்கிற நம்பிக்கை சும்மா வந்ததில்லை, அதை நான் மதிக்கிறேன். ஆனால் அப்பா குடிக்கிற டிகொக்சினும் ஒரு செடியிலிருந்து வருவதுதான் என்று அவருக்குச் சொல்லுங்கள். அந்தச் செடிக்கு நெருங்கிய உறவான இன்னொரு செடியின் இலையை இங்கிலாந்தில் கிராமத்துக் கைவைத்தியமாக நீர்வீக்கத்துக்குக் கொடுத்து வந்தார்கள். வில்லியம் விதரிங் என்ற வைத்தியர் அதைப் பல வருடம் கவனித்து, எவ்வளவு கொடுத்தால் குணம், எவ்வளவு கொடுத்தால் நஞ்சு என்று 1785-இல் புத்தகமாகப் போட்டார். அலரியும் இயற்கைதான். அளவு தெரிந்திருக்கிறதா, போத்தலுக்குள் இருப்பது உண்மையில் அதுதானா, இந்த இரண்டையும்தான் கேட்க வேண்டும்.

அப்பாவின் விஷயத்தில் ஹோதோர்ன் என்ன செய்யக்கூடும்? அது இரத்தக் குழாய்களைத் தளர்த்தி அமுக்கத்தைக் கொஞ்சம் இறக்கும். கார்வெடிலோலும் லொசார்ட்டனும் ஏற்கனவே அதைச் செய்கின்றன. மூன்றும் சேர்ந்தால், வெயிலில் குனிந்து வேலை செய்துவிட்டு நிமிரும்போது தலை சுற்றி வரம்பிலேயே விழலாம். டிகொக்சினோடு சேர்த்து ஆரோக்கியமான சிலரிடம் செய்த சிறிய ஆய்வில் மருந்தின் அளவு மாறவில்லை. ஆனால் அவர்கள் ஏழு மருந்து எடுக்கிற 67 வயது நோயாளிகள் இல்லை. அஸ்பிரினோடு இரத்தம் கசிவதும் கூடலாம். பல் பிடுங்குவதோ சத்திரசிகிச்சையோ இருந்தால் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். அமெரிக்க ஆய்வின் தரவை மீண்டும் அலசியபோது, தொடங்கிய ஆரம்ப காலத்தில் சிலருக்கு நோய் கூடும் ஆபத்தும் தெரிந்தது. அப்பாவுக்கு இப்போதே கால் வீங்கியிருக்கிறது. ஆகவே என் கருத்து: இந்த நேரத்தில் கப்சூல் வேண்டாம்.

நிலைமை சீரானபின்னும் அப்பாவுக்கு ஆசை இருந்தால், போத்தலைக் கிளினிக்குக்குக் கொண்டு போங்கள், மறைக்க வேண்டாம். இலையும் பூவும் என்று போட்டிருக்கிறதா, பழத்தூள் மட்டுமா, ஒரு கப்சூலில் எத்தனை மில்லிகிராம், வேறு மூலிகை கலந்திருக்கிறதா என்று லேபலில் பார்த்து ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொடுங்கள். சம்மதித்தால் மற்றக் குளிசைகளோடு கூடுதலாகத்தான், எதற்கும் பதிலாக இல்லை.

காய்ந்த பழத்தை வீட்டில் நோயில்லாதவர்கள் சாப்பிடலாம். புளிப்பும் லேசான இனிப்பும் இருக்கும். கொதிக்கவைத்து வடித்துத் தேத்தண்ணி போலவும் குடிக்கலாம். கொட்டையை அரைக்க வேண்டாம், ஆப்பிள் விதையில் இருப்பது போன்ற நச்சுப்பொருள் அதில் உண்டு. வெறும் வயிற்றில் அள்ளிச் சாப்பிடவும் வேண்டாம். இதிலுள்ள துவர்ப்புப் பொருள் சிலருக்கு வயிற்றில் கல் போலத் திரண்டு அடைத்ததைச் சீன வைத்தியர்கள் எழுதியிருக்கிறார்கள்.

நம் காட்டுப் பழம் அது இல்லை

ஹோதோர்ன் குளிர்நாட்டு மரம். வன்னிக் காட்டில் முளைக்காது. நீங்கள் சொல்கிற முள், சிவப்பு என்ற அடையாளத்தை மட்டும் வைத்து அது என்ன பழம் என்று நான் சொல்ல மாட்டேன். பாலை, வீரை, சூரை, இலந்தை என்று பெயர் தெரிந்த பழங்களைச் சாப்பிடுங்கள். தெரியாததை, லண்டன் பழம் போல இருக்கிறது என்று அவித்துக் கொடுக்க வேண்டாம்.

நம் பக்கத்தில் இதயத்துக்குப் பெயர்போனது மருதம்பட்டை. குளக்கரையிலும் ஆற்றோரத்திலும் நிற்கிற அதே மருது. அதற்கும் என் பதில் இதுதான்: அரச சித்த வைத்தியரிடம் போங்கள், கிளினிக் கொப்பியைக் காட்டுங்கள், குளிசையை நிறுத்தாதீர்கள்.

செலவும் மாமியும்

வெளியில் வாங்கச் சொல்லும் மாதங்களில், "இதில் ஒருநாளும் விடக்கூடாதது எது, இதே மருந்தில் மலிவானது எது" என்று வைத்தியரிடம் நேரே கேட்டுக் கொப்பியில் குறிக்கச் சொல்லுங்கள். அரச மருந்துக்கடையான ஒசுசலவில் விலையைக் கேட்டுப் பாருங்கள். மாமிக்குத் தன் அண்ணனில் பாசம். அந்தக் காசை இதற்குத் திருப்பச் சொன்னால் சந்தோஷமாகச் செய்வா. கப்சூலின் விலைக்கு ஒரு நல்ல எடைத் தராசு வாங்கலாம். காலையில் சலம் கழித்தபின், சாப்பிட முதல், அப்பா அதில் ஏறி நின்று எடையைக் கலண்டரில் எழுதட்டும். மூன்று நாளைக்குள் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறினால் தண்ணீர் சேர்கிறது என்று அர்த்தம், அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். கருவாடு, ஊறுகாய், மோர்மிளகாய், அப்பளம் நான்கையும் அவருடைய கோப்பையிலிருந்து எடுத்துவிடுங்கள். இவற்றிலுள்ள உப்பு நீர்க்குளிசையின் வேலையைக் கெடுக்கும்.

இருந்த இடத்திலேயே மூச்சு முட்டினால், நெஞ்சு நொந்தால், மயங்கி விழுந்தால், இரவில் மூச்சுத் திணறி எழும்பினால், வாகனம் தேடி ஓடாமல் 1990 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழையுங்கள். அந்த அம்புலன்ஸுக்குக் காசில்லை. குளிசைப் பையையும் மாமி அனுப்பிய போத்தல்களையும் ஒரே பையில் போட்டு வாசலருகே வையுங்கள், ஏறும்போது கையில் எடுத்துக்கொண்டு போகலாம்.